மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவானா?

"மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கதியற்ற ஏழை, தெய்வத்தின்மீது பாரத்தைப் போட்டு மனத்தைத் தேற்றிக்கொள்வதற்காகப் பிறந்த வார்த்தை அது. சர்க்கார் காரியத்துக்கு அது சற்றும் பொருந்தாது. சர்க்கார் மரம் வைக்கிறது, குழிகளை எண்ணிக் கணக்கு எழுதுகிறது, விழா நடத்துகிறது. வைத்த கன்றைக் காப்பவர் யார், நெருக்கமாய் வளர்ந்ததைக் கலைத்து விடுபவர் யார், மழை பொய்த்த வருஷத்தில் எத்தனை மரம் பிழைத்தது என்று பார்ப்பவர் யார் என்று கேட்டால் மட்டும் விடை கிடைப்பதில்லை. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் வறண்ட பூமியில் இந்தக் கேள்வி ஜனங்களின் பிழைப்பைப் பற்றிய கேள்வியாகும். ஆதலால் இன்று இதைச் சற்று விரிவாக எழுதத் துணிகிறோம்.

2022-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் தமிழ்நாட்டு சர்க்கார் பசுமைத் தமிழ்நாடு இயக்கத்தைத் தொடங்கிற்று. மாநிலத்தில் அப்போது 23.7 சதவீதமாக இருந்த காடும் மரமும் பத்து வருஷங்களில் 33 சதவீதமாக உயரவேண்டும் என்பது அதன் நோக்கம். நோக்கம் நன்று, நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் மர வளர்ப்பில் சதவீதம் மட்டும் போதாது. நூறு கன்று வைத்து, வறட்சியில் தொண்ணூறு பட்டுப்போனால், அது பசுமையில் சேராது. பொது ஜனங்களின் வரிப்பணத்தில் விழுந்த நஷ்டத்தில்தான் சேரும். மரத்தை எப்படி வைப்பது, எப்படி வளர்ப்பது, எப்படி வெட்டுவது என்ற மூன்றும் சேர்ந்தே அது பஞ்ச காலத்தைத் தாண்டுமா தாண்டாதா என்பதை நிர்ணயிக்கின்றன.

முதலில் நிலத்தின் ஸ்திதியைப் பார்ப்போம். இவ்வட்டாரத்தில் வருஷ முழுவதும் சேர்த்துச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதிலும் பெரிய பங்கு ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. குண்டாறு மழை நாட்களில் மட்டுமே ஆறு. மற்ற நாட்களில் மணல். பெரும்பாலான புஞ்சை கரிசல் மண். கரிசல் நீரைக் குடித்தால் உப்பும். காய்ந்தால் கால் நுழையுமளவு வெடிக்கும். வெடிக்கும்போது இளங்கன்றின் மெல்லிய வேர்கள் அறுபடுகின்றன. வெடிப்பின் வழியே அடிமண்ணின் ஈரமும் ஆவியாய்ப் போகிறது. பல இடங்களில் கரிசலுக்குக் கீழே சுக்கான் கல் குறுக்கிடுகிறது. பெருங்காடுகள் எல்லாம் ஜில்லாவின் மேற்கே ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகளில் இருக்கின்றன. இங்கே காடு என்று சொல்லக்கூடியது கண்மாய் உள்வாயும், கரையும், புறம்போக்கும், தரிசாய்க் கிடக்கும் பட்டா நிலமுமே. ஆகவே இங்கே காட்டு நிர்வாகம் என்றால் கண்மாய் நிர்வாகம் என்றே பொருள்.

வறட்சியில் மரம் எவ்வாறு சாகிறது? மரத்தின் தண்டில் மயிரிழை போன்ற குழாய்கள் ஆயிரமாயிரம் இருக்கின்றன. இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது, அந்த இழுப்பினால் வேரிலிருந்து நீர் மேலேறுகிறது. மண்ணில் ஈரம் குறையக் குறைய அந்த இழுப்பு கடுமையாகிறது. ஓர் எல்லையைத் தாண்டினால் நீர்ச்சரடு அறுந்து, குழாயில் காற்று புகுந்துவிடும். அப்படி அடைபட்ட குழாய்கள் பெருகினால் நுனிக் கிளைகள் காய்ந்து, கடைசியில் மரமே பட்டுப்போகிறது. இதற்கு அஞ்சிச் சில மரங்கள் இலைத் துளைகளை மூடிக்கொள்கின்றன. மூடினால் நீர் மிஞ்சும். ஆனால் உணவு செய்ய முடியாது. சேமித்த மாவுச்சத்தைத் தின்றே நாளைக் கழிக்கவேண்டும். வறட்சி நீடித்தால் கையிருப்புத் தீர்ந்து, பலவீனமான மரத்தைப் பூச்சியும் பூஞ்சையும் வந்து முடித்துவிடுகின்றன. பூமியின் வெப்பம் ஏறிவரும் இக்காலத்தில் ஆபத்து இன்னும் அதிகம். காற்று ஒரு டிகிரி சூடேறினால் ஏறத்தாழ 7 சதவீதம் அதிகமான நீராவியை அது தாங்க வல்லது. அதாவது, அதே மழை பெய்தாலும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் காற்று முன்னைவிட அதிகமாய் உறிஞ்சுகிறது.

இதில் மனிதன் செய்யக்கூடியது என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கைக் காட்டுகிறோம். ஓர் ஏக்கரில் இரண்டு மீட்டருக்கு ஒன்றாக மரம் வைத்தால் ஏறத்தாழ ஆயிரம் மரம் நிற்கும். நான்கு மீட்டருக்கு ஒன்றாக வைத்தால் இருநூற்றைம்பது நிற்கும். அந்த ஏக்கரில் 800 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுகின்ற நீர் சுமார் 32 லட்சம் லிட்டர். ஆவியாவதையும் ஓடிப்போவதையும் தள்ளாமலே பங்கு போட்டாலும், நெருக்கமாய் நிற்கும் மரத்துக்கு 3,200 லிட்டர். இடைவெளி விட்ட மரத்துக்கு 12,800 லிட்டர். மழை 300 மில்லிமீட்டராகச் சுருங்கிவிட்டால் முன்னதற்கு 1,200 லிட்டர். பின்னதற்கு 4,800 லிட்டர். மழை பொய்த்த வருஷத்திலும் இடைவெளியில் நிற்கும் மரம், நல்ல வருஷத்தில் நெருக்கத்தில் நிற்கும் மரத்தைவிட அதிகமாய்க் குடிக்கிறது. எந்தக் குடும்பஸ்தனுக்கும் விளங்கக்கூடிய இந்தக் கணக்கு, குழி எண்ணிக்கையை வைத்து வேலையை மதிப்பிடும் காரியாலயங்களுக்கு விளங்காதிருப்பது வருந்தத்தக்கது.

இதற்கு உலகம் கொடுத்த சாட்சியம் ஏராளம். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2012 முதல் 2016 வரை கடும் வறட்சி நேர்ந்தது. அந்தக் காலத்திலும் அதையடுத்தும் அங்கே பன்னிரண்டு கோடிக்கு மேற்பட்ட மரங்கள் மாண்டன. மழையின்மையும் வெப்பமும் காரணம் என்பது உண்மையே. ஆனால் அதற்கு முன் ஒரு நூற்றாண்டு காலம் சிறு தீயைக்கூட அண்டவிடாமல் அதிகாரிகள் காத்துவந்ததால், காடுகள் இயல்புக்கு மீறி நெருங்கியிருந்தன என்பதும், வண்டு தொற்றி அழிவு பெருகியதற்கு அந்த நெருக்கம் துணை செய்தது என்பதும் உண்மை. ஜெர்மனியின் கதை வேறு விதம். ஒரே ஜாதி, ஒரே வயது என்று வரிசை வரிசையாக அங்கே ஊசியிலை மரங்களை வளர்த்திருந்தார்கள். 2018 முதல் 2020 வரை தொடர்ந்த வறட்சியில் பட்டை வண்டு புகுந்து, மலை மலையாக அவை காய்ந்து நின்றன. ஒரே ஜாதிக் காட்டில் ஒரு மரத்தைக் கொல்லும் பகை எல்லா மரத்தையும் கொல்லும்.

ஜெர்மனியை இங்கே குறிப்பிடக் காரணம் உண்டு. நம் தேசத்தின் வனத் துறையை ஆங்கில ஆட்சியில் அமைத்தவர் டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர். மரத்தைப் பிரதானமாக விற்பனைக்குரிய தடியாகக் கண்டு, பரப்பையும் பருவத்தையும் எண்ணிக் கணக்கு வைக்கும் வனவியல் அக்காலத்தில் அந்நாட்டில் தழைத்திருந்தது. 1878-ம் வருஷத்து இந்திய வனச் சட்டம் வந்தபோது, காடுகளில் கிராமத்தாருக்குப் பாத்தியதை உண்டு என்று சென்னை ரெவின்யூ போர்டே வாதாடியது என்பதை இன்று பலர் அறியார். பிறகு பிராண்டிஸ் சென்னைக்கு வந்தார்; 1882-ல் சென்னை வனச் சட்டம் நிறைவேறிற்று; கிராமத்தாரின் பாத்தியதை சலுகையாகச் சுருங்கிற்று. இவ்வட்டாரம் அப்போது ராமநாதபுரம் ஜமீனைச் சேர்ந்தது. 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் போயிற்று. கண்மாயும் புறம்போக்கும் சர்க்காருக்கு வந்தன. எஜமானன் மாறினான், கண்மாயில் நிற்கும் மரத்துக்கும் ஊருக்கும் உள்ள தூரம் மட்டும் குறையவில்லை.

1981-ல் ஸ்வீடன் தேசத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் ஆரம்பமாயிற்று. கண்மாய் உள்வாய்களில் நாட்டுக் கருவேலத்தை வைத்தார்கள். தேர்ந்தெடுத்த மரம் தவறல்ல. கருவேலம் வெள்ளத்திலும் சில மாதம் நிற்கும், கோடையையும் தாங்கும், கலப்பைக்கும் விறகுக்கும் ஆகும், ஆட்டுக்கு நெற்றும் கொடுக்கும். வந்த வருமானத்தில் பஞ்சாயத்துக்கும் பங்கு உண்டு என்று வைத்ததும் நன்றே. ஆனால் அங்கேயும் ஒரே ஜாதி, ஒரே வயது, நெருங்கிய வரிசை. முதிர்ந்தவுடன் ஏலம், ஏலத்தோடு மொத்தமாக வெட்டு. வெட்டின இடத்தில் அடுத்த மழைக்கு முளைத்து நிமிர்ந்தது பல இடங்களில் கருவேலமல்ல, சீமைக் கருவேலம்.

சீமைக் கருவேலத்தின் சரித்திரம் நம் க்ஷாமத்தின் சரித்திரத்தோடு பிணைந்தது. 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டை வதைத்தபோது, விறகுப் பஞ்சத்துக்கு மருந்தாக இந்த அமெரிக்க மரத்தின் விதையைத் தருவித்து, 1877-ல் கடப்பை ஜில்லாவில் விதைத்தார்கள். பின்னர் அது வேலிக்கும் விறகுக்குமாக நாடெங்கும் பரப்பப்பட்டது. ஆடும் மாடும் நெற்றைத் தின்று சாணத்தோடு விதையை ஊரெங்கும் சேர்த்தன. அதன் நெருங்கிய உறவு மரம் ஒன்றின் வேரை அரிசோனாவில் ஒரு சுரங்கத்தில் 53 மீட்டர் ஆழத்தில் கண்டிருக்கிறார்கள் என்றால், அந்த இனத்தின் பிடிவாதத்தை நேயர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

2016-ம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் 62 சதவீதம் குறைந்தது. 1917 ஜனவரியல்ல, 2017 ஜனவரியில்தான், சுதந்திரம் பெற்று எழுபது வருஷம் ஆகும் தறுவாயில், எல்லா ஜில்லாக்களையும் வறட்சி பாதித்தவை என்று சர்க்கார் அறிவிக்க வேண்டியதாயிற்று. அந்தக் கோபத்தில் சீமைக் கருவேலத்தின்மீது பழி திரும்பிற்று. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தென் ஜில்லாக்களில் அதை அகற்றும்படி கண்டிப்பான உத்தரவுகள் பிறப்பித்தது. வக்கீல் கமிஷனர்கள் நேரில் பார்வையிட்டார்கள். அறிவியல் ஆராய்ச்சியின்றி அழிக்கலாகாது என்று மற்றொரு வழக்கு வந்தது. அதே வருஷம் ஏப்ரலில் இடைக்காலத் தடை பிறந்தது. வழக்கு நடந்தது, மரம் வளர்ந்தது. அயல் தாவரங்களை அகற்றி நிலத்தைச் சீர்ப்படுத்துவது குறித்து 2022-ல் சர்க்கார் ஒரு கொள்கையை வெளியிட்டது. அகற்றுவது பாதி வேலை, சீர்ப்படுத்துவதே மறு பாதி என்று அந்தக் கொள்கை ஒப்புக்கொண்டது போற்றத்தக்கது.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். "வறட்சியைத் தாங்கும் மரம் வேண்டும் என்கிறீர், சீமைக் கருவேலத்தைவிட வறட்சியைத் தாங்கும் மரம் எது?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வறட்சியைத் தாங்கும் மரம் வேறு, வறட்சியைத் தாங்கும் நிலம் வேறு என்பது நமது பதில். சீமைக் கருவேலம் தான் பிழைக்கும். ஆனால் அதன் புதரடியில் புல் அருகும், நாட்டு மரக்கன்று தலையெடுப்பது அரிது, கண்மாயின் வரத்துக்கால் தூர்ந்துபோகும். அதே சமயத்தில் மற்றொரு உண்மையையும் மறைக்கலாகாது. மழை பொய்த்த வருஷத்தில் இப்பகுதி ஏழைக் குடும்பங்களின் அடுப்பு எரிவது பெரும்பாலும் இந்த மரத்தால்தான். விறகு வெட்டும் கூலியும் கரிமூட்டம் போடும் வருமானமும் அவர்களுக்கு வறட்சிக் காலத்து விளைச்சல். பட்டணத்தில் உட்கார்ந்துகொண்டு "வேரோடு பிடுங்கு" என்று எழுதுவது எளிது. இயந்திரத்தைக் கொண்டு பிடுங்கிவிட்டு நிலத்தை வெறுமையாய் விட்டால், கிளறின மண்ணில் புதைந்து கிடக்கும் விதைகள் முதல் மழையிலேயே எழுந்துவிடும். மரமும் போகாது, ஏழையின் பிழைப்பு மட்டும் போய்விடும்.

ஆகவே செய்யவேண்டியது என்ன? கண்மாயின் நீர்பிடிக்கும் இடத்திலும், மடை, கலுங்கு, வரத்துக்கால்களிலும் சீமைக் கருவேலத்தைத் தூரோடு அகற்றவேண்டும். இதில் தயக்கம் கூடாது. மற்ற புறம்போக்கிலும் தரிசிலும் அதைப் பட்டை பட்டையாக, வருஷத்துக்கு ஒரு பங்காக எடுத்து, எடுத்த இடத்தில் அந்த வருஷமே நாட்டு மரம் விதைக்கவேண்டும். மிஞ்சி நிற்பதில் தூருக்கு ஒன்றிரண்டு கொம்பை மட்டும் விட்டு மற்றதைக் கழித்தால் கரிக்குக் கனமான விறகு கிடைக்கும், புதர் கலையும், இடையில் புல்லும் கன்றும் எழ வெளிச்சம் விழும். பத்து வருஷத்தில் படிப்படியாக மரம் மாறும்; ஒரு நாளும் கரிமூட்டக்காரன் பட்டினி கிடக்கவேண்டியதில்லை.

நாட்டு மரம் எது என்று தேடிக் கடல் கடந்து போகவேண்டாம். உடை, வெள்வேல், வன்னி, வேம்பு, மஞ்சணத்தி, வாகை, புளி, பனை இவை இந்த வெயிலில் பிறந்து வளர்ந்தவை. ஒன்றின் வேர் ஆழம் போகும்; ஒன்றின் வேர் மேல்மண்ணில் பரவும்; ஒன்று கோடையில் இலை உதிர்த்துத் தப்பும்; ஒன்று சிற்றிலையால் ஆவியைக் குறைக்கும். கலந்து வைத்தால் ஒன்றுக்கொன்று போட்டி குறைகிறது. ஒன்றைப் பிடித்த நோய் மற்றதைத் தொடுவது அரிது. கண்மாய்க் கரை ஐயனார் கோயிலைச் சுற்றி நிற்கும் மரங்களைப் பாருங்கள். பல ஜாதி, பல வயது. கிழ மரத்தின் நிழலில் இளங்கன்று. உதிர்ந்த சருகு மண்ணை மூடியிருக்கும். பயபக்தியால் நம் முன்னோர் விட்டுவைத்ததையே, வறட்சி தாங்கும் காட்டுக்கு இலக்கணமாக இன்று நிபுணர்கள் எழுதுகிறார்கள்.

வைக்கும் முறையும் மாறவேண்டும். சிறு பாலிதீன் பையில் நெடுநாள் கிடந்த கன்றின் ஆணிவேர் அடியில் சுருண்டுவிடுகிறது. சுருண்ட வேர் ஆழத்து ஈரத்தை எட்டுவதில்லை. வேல், உடை, வேம்பு, பனை போன்றவற்றை முதல் மழையின் ஈரத்தில் நேரே விதைப்பதே சிலாக்கியம். முளைத்ததில் நல்லதை விட்டு மற்றதைக் கலைக்கலாம். கோடையில் ஆட்டுக்குத் தழை ஒடிப்பதை ஒரேயடியாகத் தடுக்க முடியாது. தடுப்பது ஏழைக்குத் துரோகம். ஆனால் ஒரு மரத்தை வருஷா வருஷம் மொட்டையடித்தால் அதன் கையிருப்பு மாவுச்சத்துத் தீர்ந்து, அடுத்த வறட்சியில் அது விழும். இந்த வருஷம் ஒடித்ததை அடுத்த வருஷம் ஓய்வாக விடும் கட்டுப்பாடு ஊருக்குள் இருந்தால் போதும். பனை மட்டும் விலக்கு. தலை போனால் பனைக்கு மறுதுளிர் இல்லை. பனையை வெட்டக் கலெக்டரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் சர்க்கார் அறிவித்தது நியாயமே. அறிவிப்பு செங்கல் சூளை வாசல்வரை எட்டவேண்டும்.

இவ்வளவையும் யார் செய்வது? இதுதான் விஷயத்தின் முடிச்சு. ஒரு கண்மாயை எடுத்துக்கொள்வோம். ஆயக்கட்டு 40 ஹெக்டேருக்கு மேற்பட்டதானால் அது நீர்வளத் துறையின் பொறுப்பு. குறைந்ததானால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. நிலம் வருவாய்த் துறையின் புறம்போக்கு. சமூகக் காட்டுத் திட்டத்தில் வைத்த மரம் வனத் துறையின் கணக்கு. ஏலம் எடுத்தவன் ஒப்பந்தக்காரன். இத்தனை எஜமானர்களுக்கு நடுவே, அந்தக் கண்மாயை நம்பி உயிர் வாழும் ஊருக்கு மட்டும் மரத்தைப் பற்றிப் பேசச் சட்டபூர்வமான வாய் இல்லை. தனக்கு உரிமையில்லாத மரத்தைக் காக்க எந்த மனிதனும் கோடை வெயிலில் குடம் சுமக்கமாட்டான்.

ஆப்பிரிக்காவில் நைஜர் என்றொரு தேசம். நம் கரிசலைவிட வறண்டது. அங்கே கோடிக் கணக்கில் பணம் செலவிட்டு நட்ட கன்றுகள் பெரும்பாலும் பட்டுப்போயின. 1980-களில் அங்கே உழவர்கள் வேறொரு வழியைக் கைக்கொண்டார்கள். வயலில் புதைந்து கிடந்த பழைய அடிக்கட்டைகள் விடும் துளிர்களில் நல்ல சிலவற்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்தார்கள். அடிக்கட்டைக்கு வேர் ஏற்கனவே ஆழத்தில் இருக்கிறது. தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. இம்முறையில் சுமார் 50 லட்சம் ஹெக்டேர் நிலத்தில் மரம் திரும்பிற்று. மரம் அனைத்தும் சர்க்காருடையது என்ற பழைய நிலை தளர்ந்து, வளர்த்தவனே அனுபவிக்கலாம் என்ற நம்பிக்கை பிறந்ததும் இந்த வெற்றிக்கு ஒரு காரணம். பிரெஞ்சு ஆட்சியில் அடிமைப்பட்டிருந்த அந்த ஏழை நாட்டுக்கு முடிந்தது நமக்கு ஏன் முடியாது?

ஆதலால் நாம் சர்க்காரை மூன்று காரியங்கள் வற்புறுத்திக் கேட்கிறோம். முதலாவது, நட்ட கன்றின் கணக்கோடு, மூன்றாம் வருஷத்திலும் ஐந்தாம் வருஷத்திலும் பிழைத்து நிற்பதன் கணக்கைக் கண்மாய்வாரியாக வெளியிடவேண்டும்; கிராம சபையில் அதைப் படிக்கவேண்டும். இரண்டாவது, கண்மாய் மரங்களை மொத்தமாக ஏலம் விட்டு மொட்டையடிக்கும் வழக்கத்தை நிறுத்தி, ஆண்டுக்கு ஒரு பங்காக வெட்டி, வெட்டிய பங்கில் அதே மழையில் கலப்பு மரம் விதைக்க நிபந்தனை விதிக்கவேண்டும். மூன்றாவது, நாலு துறைகளிலும் சிதறிக் கிடக்கும் அதிகாரத்தைக் கிராம சபையின் கையில் சேர்த்து, வருமானத்தின் பெரும்பங்கை அந்தக் கண்மாய்க்கே செலவிடச் சட்டம் செய்யவேண்டும்.

தொண்டர்களுக்கும் ஒரு வார்த்தை. தீர்மானம் போடுவதும் மகஜர் அனுப்புவதும் அவசியந்தான். ஆனால் சட்டம் வரும்வரை சும்மா இருக்கவேண்டியதில்லை. முன்பு குடிமராமத்து என்று ஊரார் ஆளுக்கொரு நாள் மண்வெட்டி எடுத்துக் கண்மாயைக் காத்தார்கள். அந்தப் பெயரை 2017-ல் சர்க்கார் மீண்டும் எடுத்து ஒரு திட்டத்துக்குச் சூட்டிற்று. பெயரைச் சர்க்கார் எடுத்துக்கொள்ளட்டும். காரியத்தை ஊர் எடுத்துக்கொள்ளட்டும். வருகிற ஐப்பசிக்கு முன்னே உங்கள் ஊர்க் கண்மாயில் எந்த மரம் எத்தனை நிற்கிறது என்று எண்ணி எழுதிவையுங்கள். உங்கள் பட்டாத் தரிசில் தானே முளைத்த வேம்பையும் உடையையும் உழவில் சாய்க்காமல் விட்டுவையுங்கள். அடுத்த பஞ்சம் எந்த வருஷம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வராது என்று சொல்லவும் முடியாது. அது வரும் நாளில் நிற்கப்போகும் மரம், மழை பெய்யும் நாளில் நாம் செய்து வைத்த ஏற்பாட்டினால்தான் நிற்கும்.